கழுத்துரு காணோம்: த்ரில்லர் கதைக்கு ஒரு தொடக்கப் பாடம்

செட்டிநாட்டில், கானாடுகாத்தான் பக்கத்தில் ஒரு கல்யாண வீடு. இரவு 2 மணி. முகப்பில் ஜமக்காளம் விரித்து வெளியூர் உறவெல்லாம் படுத்திருக்கிறது. பின்கட்டில் காலைப் பலகாரத்துக்கு மாவு ஆட்டும் சத்தம். 6 மணிக்குத் திருப்பூட்டு. பெண்ணைப் பெற்ற மீனா ஆச்சிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எழுந்து, இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை எடுத்து, உள்வீட்டுப் பெட்டகத்தைத் திறக்கிறார். பேழை வைத்த இடத்தில் இருக்கிறது. பேழைக்குள் கழுத்துரு இல்லை.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கழுத்துரு என்பது நகரத்தார் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் ஏறும் பெரிய தாலி. பல தங்க உருப்படிகளைச் சேர்த்துக் கோத்தது. அதைக் கட்டும் சடங்குதான் திருப்பூட்டு. அது இல்லாமல் கல்யாணம் நடக்காது.

இப்போது சொல்லுங்கள், இது த்ரில்லர் கதையா?

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் சிலரோடு உட்கார்ந்து கதை படிக்கிறேன். இந்தக் காட்சியைச் சொல்லி இதே கேள்வியைக் கேட்டேன். "த்ரில்லர்னா கொலை இருக்கணுமே ஆச்சி?" என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி, "திருடன் யாருன்னு கடைசியில தெரிஞ்சா அது த்ரில்லர்" என்றாள். இரண்டுமே பலரும் நினைப்பதுதான். இரண்டுமே சரியில்லை. கொலையே இல்லாத த்ரில்லர்கள் உண்டு. திருடன் யார் என்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும் த்ரில்லர்களும் உண்டு; பெரும்பாலும் அவைதான் நம்மை அதிகம் பதைக்க வைக்கின்றன.

எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, கணக்கு எழுதியவர். பேரேட்டில் பத்தி பிரித்து எழுதினால் எந்தச் சிக்கலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்பார். அதே வழியைக் கதைக்கும் வைத்துப் பார்க்கலாம். ஒரு தாளில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரியுங்கள். முதல் பத்தி, கதையைப் படிக்கிற நமக்கு. இரண்டாவது, கதைக்குள் ஆபத்தில் இருப்பவருக்கு. மூன்றாவது, அந்த ஆபத்தை உண்டாக்குகிறவருக்கு. கதை நகர நகர, எந்தக் கட்டத்தில் யாருக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் பதிந்துகொண்டே வாருங்கள். கதை எந்த வகை என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

மேலே சொன்னபடி, மீனா ஆச்சியோடு சேர்ந்து நாமும் பேழையைத் திறந்தால் என்ன ஆகிறது? நம் பத்தி காலி. ஆச்சியின் பத்தியும் காலி. எடுத்தவன் பத்தியில் மட்டும் எல்லாம் இருக்கிறது. இனி ஒருவர் வந்து விசாரிப்பார்: சாவி யார் கையில் இருந்தது, இரவு உள்வீட்டுப் பக்கம் போனது யார், பேழையில் கீறல் ஏன். கதை பின்னோக்கித் தோண்டும். நடந்து முடிந்ததைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. இதற்குப் பெயர் துப்பறியும் கதை, மர்மக் கதை.

இப்போது கதையை நான்கு மணி நேரம் முன்னால் தொடங்குவோம். இரவு 10 மணி. பங்காளி ராமநாதன் வளவு வழியாக, அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய கட்டு வழியாக, நடந்து வருகிறான். பழைய பாகப்பிரிவினைக் கோபம் அவன் மனசில் ஆறவில்லை. ஆச்சி சாந்து அரைக்கப் போன நேரத்தில் உள்வீட்டுக்குள் நுழைகிறான். கழுத்துருவை எடுக்கிறான். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக அந்த வீட்டுக்குக் கணக்கு எழுதும் கணக்கப்பிள்ளையின் துணிப்பையில், வேட்டி மடிப்புக்கு உள்ளே வைத்துவிட்டு வந்து முகப்பில் படுத்துக்கொள்கிறான். மணி 11. ஆச்சி நிம்மதியாகத் தூங்குகிறார். கணக்கப்பிள்ளை, காலையில் பூ வண்டி வருமா என்ற கவலையில் அந்தப் பையையே தலைக்கு வைத்துப் படுக்கிறார்.

இனி அந்த வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சின்ன விஷயமும் நம்மை உலுக்கும். கணக்கப்பிள்ளை பையைத் திறந்து வெற்றிலைப் பெட்டியைத் தேடினால் நமக்கு மூச்சு நிற்கும். யாரோ ஒருவர் "ஆச்சி, பேழையை எடுத்து வச்சிறலாமா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லத் தோன்றும், உடனே பார் என்றும் சொல்லத் தோன்றும். இந்தக் கதை முன்னோக்கி ஓடுகிறது. என்ன நடந்தது என்று நாம் கேட்பதில்லை. என்ன நடந்துவிடுமோ என்றே கேட்கிறோம். இதுதான் த்ரில்லர். அதே வீடு, அதே நகை, அதே திருட்டு. பத்தியில் பதிவு மட்டும் மாறியிருக்கிறது.

இதே காட்சியில், பூட்டிக் கிடக்கும் மேல்மாடியில் நடுராத்திரி யாரோ கழுத்துருவை அணிந்து நடக்கிற கிணுகிணு சத்தம் கேட்டால் அது திகில் கதை. அங்கே மூன்றாம் பத்தியில் இருப்பது மனிதன்தானா என்பதே சந்தேகம்.

'த்ரில்' என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருள் துளைப்பது. மூக்குத் துவாரத்துக்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொல்லிலும் அதே வேர்தான் ஒளிந்திருக்கிறது. உள்ளே குத்தித் துளைத்துக்கொண்டு போகும் உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளலாம். நம் மொழியில் 'பதைப்பு' என்கிறோம். மர்மம், திகில், பரபரப்பு, விறுவிறுப்பு என்று தனித்தனிச் சொற்கள் நம்மிடம் இருந்தும் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி த்ரில்லர் என்று சுவரொட்டியில் போட்டுவிடுகிறார்கள். பதைப்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீர்ந்தது.

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இதை ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கினார். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோ அவரை நாள்கணக்கில் பேட்டி எடுத்தபோது சொன்னது அது. மேசைக்கு அடியில் குண்டு இருக்கிறது, பேசிக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரியாது, பார்க்கும் நமக்கும் தெரியாது, திடீரென்று வெடிக்கிறது. நமக்கு 15 விநாடி அதிர்ச்சி. மாறாக, குண்டு வைத்ததை நாம் முன்பே பார்த்துவிட்டோம், ஒரு மணிக்கு வெடிக்கும் என்றும் தெரியும், சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். அவர்கள் பேசும் சப்பென்ற பேச்சே நமக்கு 15 நிமிடப் பதைப்பாகிவிடுகிறது. ஹிட்ச்காக் முதல் பத்தியை நிரப்பச் சொல்கிறார், அவ்வளவுதான். வாசகரிடம் மறைப்பதால் மட்டுமே பதைப்பு வரும் என்று நினைத்து எழுதத் தொடங்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். சொல்லிவிடுவதால் வரும் பதைப்பு பல மடங்கு பெரியது.

ஆனால் இதைக் கற்றுக்கொள்ள நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கொலைக்களக் காதையை எடுத்து, பேரேட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

கோவலன் சிலம்பு விற்கக் கிளம்புகிறான். ஆயர் குடியிருப்பை விட்டு வெளியே வந்ததும் திமில் உள்ள காளை ஒன்று எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. கோவலனுக்கு அது தெரியாது, வணிகர் குலத்தவனுக்கு அந்தச் சகுனம் பழக்கமில்லை. அப்போதே முதல் பத்தி நிரம்பத் தொடங்கிவிட்டது. பிறகு, நூறு கொல்லர்கள் பின்னால் வர, அரசவைப் பொற்கொல்லன் எதிரே வருகிறான். பாண்டியன் தேவி அணியத் தக்க சிலம்பு ஒன்றுக்கு விலை போட முடியுமா என்று கோவலன் அவனிடமே கேட்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தக் கொல்லன்தான் என்பதும், பழியை இந்த வெளியூரான் தலையில் ஏற்ற அவன் முடிவு செய்வதும் நமக்கு அந்த இடத்திலேயே சொல்லப்படுகின்றன. "என் சிறுகுடிலில் இருங்கள்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அவன் அரண்மனைக்குப் போகிறான். கோவலன் பக்கத்தில் இருந்த கோயில் மதிலுக்குள் போய்க் காத்திருக்கிறான். இளங்கோ அந்த இடத்தைத் 'தேவ கோட்டச் சிறையகம்' என்கிறார். தேவகோட்டைக்குப் பக்கத்தில் வாழ்கிறவளுக்கு அந்தச் சொல்லைத் தாண்டிப் போவது எளிதாக இல்லை.

அந்தக் காத்திருப்பைக் கவனியுங்கள். நாம் கொல்லனோடு அரண்மனைக்குப் போகிறோம். அரசன் ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில் இருக்கிறான். விசாரிக்க நேரமில்லை. கொல்லன் சொல்லும் கள்வன் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வா என்கிறான். காவலர்கள் வருகிறார்கள். இங்கே ஒரு பெரிய த்ரில்லர் ஆசிரியரின் கை தெரிகிறது: காவலர்கள் கோவலனைப் பார்த்ததும் தயங்குகிறார்கள். இவனைப் பார்த்தால் கொல்லத் தகுந்தவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். தப்பித்துவிடுவானோ என்று நமக்கு ஒரு கணம் நம்பிக்கை துளிர்க்கிறது. கொல்லன் சிரிக்கிறான். திருடர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டையும் வைத்துத் தொழில் செய்பவர்கள் என்று நீளமாக வகுப்பு எடுக்கிறான். அந்தப் பேச்சு நீள நீள நம் உயிர் போகிறது. அவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

கொல்லனுக்குத் தெரியும். நமக்குத் தெரியும். கோவலனுக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வுதான் த்ரில்லரின் முதல் மூலதனம்.

இரண்டாவது மூலதனம் நேரம். திருப்பூட்டு 6 மணிக்கு என்று சொல்லாமல் 'ஒரு நாள்' என்று வைத்தால் மேலே சொன்ன கதையில் பாதி உயிர் போய்விடும். ரயில் கிளம்பும் நேரம், தீர்ப்பு நாள், விஷம் ஏறும் நேரம், தேர்தல் முடிவு என்று ஏதாவது ஒரு கெடு எல்லாக் கதையிலும் இருக்கும். முகூர்த்த நேரத்தைப் போல் தள்ளிப்போட முடியாத கெடு வேறு எதுவும் இல்லை என்று எனக்கு எப்போதும் தோன்றும். நம் ஊர்க் கல்யாண வீட்டில் ஏன் இன்னும் அதிகக் கதைகள் எழுதப்படவில்லை என்பது என் நெடுநாள் ஏக்கம்.

மூன்றாவது, இடம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் வாசல்கள் நேர்கோட்டில் இருக்கும். முகப்பில் நின்றால் பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்தெரு வெளிச்சம் வரை தெரியும். எல்லாம் திறந்து கிடக்கிறது போல இருக்கும். ஆனால் வளவைச் சுற்றி இரண்டு பக்கமும் அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மருமகள். உள்வீட்டுக்குள் போய்விட்டால் செல்போன் சிக்னல்கூடத் தடுமாறும். இன்றைய த்ரில்லர் ஆசிரியருக்கு செல்போன்தான் பெரிய தொல்லை. ஒரு அழைப்பில் தீர்ந்துவிடும் சிக்கலை முந்நூறு பக்கத்துக்கு எப்படி இழுப்பது? கனத்த சுவர் அதற்கு நல்ல பதில்.

இனி வகைகள். எத்தனை வகை என்று யாரும் எண்ணி முடித்ததில்லை. பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, எந்தப் பத்தியில் கை வைத்தால் எந்த வகை பிறக்கிறது என்று பார்ப்பதுதான் பயன்.

இரண்டாம் பத்தியின் மேல் சந்தேகத்தைத் தூவினால் உளவியல் த்ரில்லர். கழுத்துருவை மூன்று நாள் முன்னால் வேறு இடத்தில் மாற்றி வைத்தது மீனா ஆச்சியேதானா? "நீதானே ஆச்சி எடுத்து வச்சே, மறந்துட்டியா?" என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முந்தின வாரம் அடுப்பை அணைக்காமல் போனதையும் நினைவுபடுத்துகிறார்கள். அவரும் நம்பத் தொடங்குகிறார். உண்மையில் மறதிதானா, அல்லது மறதி என்று யாரோ நம்ப வைக்கிறார்களா? நமக்கு வழிகாட்டும் கண்ணே கலங்கிய கண்ணாக இருக்கும்போது நாம் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பது? இன்று பிள்ளைகள் உறவுச் சிக்கல்களைப் பேசும்போது சாதாரணமாக 'காஸ்லைட்டிங்' என்கிறார்கள். அந்தச் சொல் பாட்ரிக் ஹாமில்டன் 1938-இல் எழுதிய ஒரு த்ரில்லர் நாடகத்திலிருந்து வந்தது. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவளையே நம்ப வைக்கப் பார்க்கும் கணவனின் கதை. வீட்டு வாயு விளக்கு மங்குவது அதில் முக்கியமான தடயம். வீட்டுக்குள்ளேயே, தாலி கட்டியவனிடமும் பெற்றவளிடமும் பயப்பட வைக்கும் இந்த வகைதான் என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. வாள், துப்பாக்கி எதுவும் வேண்டாம். கனிவான குரலே போதும்.

மூன்றாம் பத்தியையே கதையின் நடுவில் வைத்தால் குற்ற த்ரில்லர். நாம் ராமநாதனோடு நடக்கிறோம். கணக்கப்பிள்ளையின் பைக்குள் கையை விடும்போது அவர் புரண்டு படுக்கிறார். அந்தக் கணம் நம் இதயமும் நின்றுவிடும். யாருக்காகப் பதைக்கிறோம்? திருடனுக்காக. இது தெரிந்ததும் நமக்கே ஒரு கூச்சம் வரும். பட்ரீஷியா ஹைஸ்மித் 1955-இல் எழுதிய ரிப்ளி என்ற பாத்திரம் இந்தக் கூச்சத்தை உலகம் முழுக்கப் பரப்பியது. வாசகரின் நியாய உணர்ச்சியையும் பதைப்பையும் எதிரெதிராக இழுத்துக் கட்டுவது சாதாரண வேலை இல்லை. நல்ல கை வேண்டும்.

கணக்கப்பிள்ளை பையைத் திறந்து பார்த்துவிட்டார் என்று வையுங்கள். கழுத்துரு தன் பையில். ஆச்சியிடம் போய்ச் சொன்னால் யார் நம்புவார்? பயத்தில் பின்வாசல் வழியாக இருட்டில் செட்டிநாடு ரயில் நிலையத்துக்கு ஓடுகிறார். பின்னால் ராமநாதனின் ஆட்களும் வருகிறார்கள், போலீஸும் வருகிறது. இது துரத்தல் த்ரில்லர். குற்றமற்றவன் இரண்டு பக்கத்துக்கும் பயந்து ஓட வேண்டியிருப்பது இதன் இலக்கணம். ஜான் பக்கன் 1915-இல் எழுதிய ஒரு சிறிய நாவல் இதற்கு அச்சு வார்த்துக் கொடுத்தது. நூறு வருடமாகப் படமெடுப்பவர்கள் அந்த அச்சிலேயே வார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று பத்தியிலும் எழுதியிருப்பது உண்மைதானா என்றே தெரியாமல் போனால் உளவு த்ரில்லர். இதற்கு எங்கள் ஊரின் பழைய நாட்களுக்குப் போக வேண்டும். 1930-களின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால் பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. விரும்பி வாங்கியதைவிட, உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்பாமல் வந்து சேர்ந்த நிலம் அதிகம். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. காட்டு வழியாக, மலை வழியாக லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தார்கள். அந்த நடுவில் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையின் பெட்டியடியில், ஊரில் இருக்கும் முதலாளிக்காகக் கடையைப் பார்த்துக்கொள்ளும் மேலாள் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று கற்பனை செய்யுங்கள். ஊரிலிருந்து ஒரு தந்தி: கணக்குப் புத்தகங்களை, கேட்டு வருபவரிடம் கொடுத்துவிடு. கொண்டுபோக வந்தவர் தமிழ் பேசுகிறார், விலாசம் சரியாகச் சொல்கிறார். ஆனால் அவர் யாருடைய ஆள்? தந்தி அனுப்பியது முதலாளிதானா? உளவுக் கதையில் பயம் துப்பாக்கி முனையில் இல்லை. எதிரே உட்கார்ந்து தேநீர் குடிப்பவரின் புன்னகையில் இருக்கிறது. இந்த வகையின் மிகச் சிறந்த எழுத்தாளர்களில் ஒருவரான ஜான் லெ காரே பிரிட்டிஷ் உளவுத்துறையில் வேலை பார்த்தவர். அவர் நாவல்களில் ஓடுவதைவிட உட்கார்ந்து யோசிப்பதே அதிகம். பதைப்புக்கு அதனால் குறைவில்லை.

ஒருவருக்கு உண்மை தெரிந்துவிட்டது, கேட்க ஆள் இல்லை, கேட்க வேண்டிய அலுவலகமே அதில் பங்காளி என்றால் அது அரசியல் அல்லது சதி த்ரில்லர். பிள்ளை கூட்டிக்கொண்டதற்கான, அதாவது தத்தெடுத்ததற்கான, பத்திரம் வாய்தா நாளுக்குள் கிடைக்குமா என்றால் சட்ட த்ரில்லர். மருத்துவ த்ரில்லரை 1977-இல் பெரிய அளவில் வாசகர்களிடம் கொண்டுபோனவர் ராபின் குக், அவரே மருத்துவர். வங்கிக் கணக்கு, பங்குச் சந்தை என்று போனால் நிதி த்ரில்லர். கணினி, ஏவுகணை, ஆய்வுக்கூடம் என்று போனால் தொழில்நுட்ப த்ரில்லர். தமிழில் இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தவர் பொறியாளரான சுஜாதா. அவருடைய கணேஷும் வசந்தும் வக்கீல்கள் என்பதால் சட்டமும் துப்பறிவும் தொழில்நுட்பமும் ஒரே கதையில் கலந்து வரும். வகைகள் எப்போதும் கலந்துதான் வருகின்றன. கொழுக்கட்டைக்குள் வைக்கிற பூரணம் மாதிரி, தொழில் மாறும். மேல்மாவு அந்த மூன்று பத்திதான்.

நம் ஊருக்கும் இந்த வகைக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தமிழ்வாணன் 1926-இல் தேவகோட்டையில் பிறந்தவர். 'கல்கண்டு' வார இதழின் ஆசிரியர். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமே அவர் முகவரியாக இருந்தது. அவர் படைத்த துப்பறிவாளர் சங்கர்லாலின் கதைகளால் ஒரு தலைமுறையே படிக்கக் கற்றுக்கொண்டது. திரைப்படத்தில் இன்னொரு உறவு. ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர். சென்னைக்குப் போவதற்கு முன்னால், 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்தவர். அவருடைய நிறுவனம் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கத்தில் 'அந்த நாள்' என்ற படத்தை வெளியிட்டது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பத்துப் பாட்டு இருந்தால்தான் படம் என்ற காலத்தில் அப்படி ஒரு துணிச்சல். 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள் காலையில் ஒரு ரேடியோ என்ஜினியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அந்த நாளைச் சொல்கிறார்கள். நம் பேரேட்டின்படி அது மர்மக் கதையாகத் தொடங்குகிறது. எங்கே த்ரில்லராக மாறுகிறது என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். இந்த ஞாயிறே பாருங்கள்.

பிறகு 1980-களின் மாத நாவல்கள். காரைக்குடி பேருந்து நிலையக் கடைகளில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா. மதுரைக்குப் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் படித்து முடிக்கும் அளவு. மட்டமான தாள், பளபளக்கும் அட்டை என்று அவற்றைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு நான் இன்றும் சண்டை போடுவேன். ஒவ்வொரு அத்தியாயத்தையும் வாசகர் புத்தகத்தை மூட முடியாத இடத்தில் முடிக்கும் கலையை அவர்கள் வாரப் பத்திரிகையின் 'தொடரும்' என்ற ஒற்றைச் சொல்லிலிருந்து கற்றார்கள். இங்கிலாந்திலும் அதே கதைதான். வில்கி காலின்ஸ் 1859-இல் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் தொடராக எழுதிய நாவலைத்தான் இந்த வகையின் முன்னோடிகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் வரை காத்திருக்க வைக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இந்தக் கலையை வளர்த்தது.

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: முடிவு தெரிந்துவிட்டால் த்ரில்லரில் என்ன மிச்சம்? ஃபிரடெரிக் ஃபோர்சைத் 1971-இல் எழுதிய 'தி டே ஆஃப் தி ஜக்கால்' நாவலைப் பாருங்கள். பிரெஞ்சு அதிபர் தெ கோலைக் கொல்ல அமர்த்தப்பட்ட கூலிக் கொலையாளியின் கதை. தெ கோல் கொல்லப்படவில்லை என்பது உலகம் அறிந்தது. 1970-இல்தான் தன் வீட்டில் இயற்கையாக இறந்தார். கொலைத் திட்டம் தோற்கும் என்று தெரிந்தேதான் முதல் பக்கத்தைப் புரட்டுகிறோம். முகப்பில் நின்று பின்வாசலைப் பார்ப்பது போல. இருந்தும் அந்த நாவலைக் கீழே வைக்க முடியாது. போலிக் கடவுச்சீட்டு எப்படி வாங்குகிறான், துப்பாக்கியை எந்த வடிவத்தில் எல்லை தாண்டிக் கொண்டுபோகிறான் என்று ஒவ்வொரு பூட்டிய அறையாக ஆசிரியர் திறந்து காட்டுகிறார். சுடப்போகும் ஜன்னல் வரை போய்விட்டானே, எந்த இடத்தில், எதனால் தவறப் போகிறான் என்றுதான் பதைக்கிறோம். கோவலன் கதையை எத்தனை முறை கேட்டாலும் அந்தக் காவலர்கள் தயங்கும் இடத்தில் நாம் நம்பிக்கை வைக்கிறோமே, அதே வேலைதான்.

புதிதாகப் படிக்க வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய கதைகளும் உண்டு. கடைசிப் பக்கத்தில் இதுவரை வராத ஆள் ஒருவன் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் ஆசிரியர் நம்மிடம் கள்ளக் கணக்கு எழுதியிருக்கிறார் என்று பொருள். மூன்றாம் பத்தியில் இருக்கும் ஆளை முன்பே ஒரு முறையாவது நமக்குக் காட்டியிருக்க வேண்டும். ரத்தத்தை வாளி வாளியாக ஊற்றும் கதைகளிலும் பதைப்பு தங்குவதில்லை. மூன்றாவது பிணத்துக்குப் பிறகு மனசு மரத்துவிடும். யாரை இழக்கப் போகிறோமோ அவர்மேல் நமக்கு முதலில் பாசம் வர வேண்டும். முப்பது வருடம் அந்த வீட்டுக்குக் கணக்கு எழுதியவர் என்று ஒரு வரி சொன்னதால்தான் கணக்கப்பிள்ளையின் பையைப் பார்த்து நாம் நடுங்கினோம்.

அடுத்த ஞாயிறு பிள்ளைகளிடம் கோடு போட்ட தாளைக் கொடுத்து, கொலைக்களக் காதையைப் படிக்கப் படிக்க மூன்று பத்தியையும் நிரப்பச் சொன்னேன். ஒருத்தி வாசிக்க, மற்றவர்கள் எழுதினார்கள். கொல்லன் பத்தி மளமளவென்று நிரம்பியது. வாசகர் பத்தி அதைவிட வேகமாக. கொலை என்றால்தான் த்ரில்லர் என்று சொன்ன அதே பெண் கடைசியில் நிமிர்ந்து, "கோவலனுக்கு எதுவுமே தெரியாதா ஆச்சி? ஒரு வரிகூடவா?" என்றாள்.

மறுபடி தேடிப் பார்த்தோம். சிலம்புக்கு விலை கேட்டதற்குப் பிறகு அந்தக் காதையில் கோவலன் பேசுவதே இல்லை. அவள் நடுப் பத்தியை அப்படியே வெறுமையாக விட்டுத் தாளைக் கொடுத்தாள்.